டேங்குக்குள்ள ஆள் இறக்குறப்ப புது சேஃப்டி ஆபீசருங்க பண்ற தப்பு

போன வாரம் ஒரு சைட்ல, புதுசா சேந்த சேஃப்டி ஆபீசர் தம்பி எஸ்டிபி (கழிவுநீரைச் சுத்திகரிக்கிற இடம்) டேங்கோட மேன்ஹோலைத் தொறந்து, வாய்கிட்டயே கேஸ் டிடெக்டரை நீட்டி, பர்மிட்ல, அதாவது உள்ள இறங்க அனுமதி குடுக்குற தாள்ல, ஆக்சிஜன் 20.9 சதவீதம்னு எழுதிட்டு "அண்ணே, இறங்கலாம்"னான். நான் வேலைக்குச் சேந்த புதுசுல பண்ணதும் இதேதான். ஹெல்மெட், ஷூ பத்தியெல்லாம் சொல்ல வரல.

மேல அளந்துட்டு கீழ இறக்குறது

20.9ங்கிறது வெளிக்காத்து. மூடியைத் தொறந்தா வாய்கிட்ட அதுதான் இருக்கும், நீ நிக்கிற இடத்தை அளந்துட்டு டேங்கை அளந்தேன்னு எழுதுற. சாக்கடையில உண்டாகுற விஷ வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு காத்தைவிட கனம், அடியில போய் உக்காந்துக்கும், அதனால டிடெக்டர்ல மாட்டுற ஹோஸை உள்ள விட்டு மேல, நடுவுல, அடியிலன்னு பாக்கணும், ஒவ்வொரு மட்டத்துலயும் நம்பர் ஓடாம நிக்கிற வரைக்கும் பொறுக்கணும். நான் புதுசா இருந்தப்ப மேல மட்டும் அளந்துட்டு கையெழுத்து போட்டுட்டேன், இறங்க வேண்டிய அண்ணன் செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சிட்டு ஒரு கால ஏணியில வெச்சிட்டாரு, அப்பதான் சூப்பர்வைசர் சந்தேகப்பட்டு ஹோஸை அடிவரைக்கும் விடச் சொன்னாரு. அலாரம் கத்துச்சு. அந்தச் செருப்பு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

காலையில அளந்தத வெச்சு மதியமும் இறக்காதீங்க. ஸ்லட்ஜைக் கிளறுனா உள்ள அடைஞ்ச கேஸ் வெளிய வரும், அதனால இறங்குறவர் சட்டையிலயே ஒரு டிடெக்டர் ஓடிட்டே இருக்கணும். வாடை வரலன்னும் நம்பாதீங்க, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்துல நூறு பங்கு) பக்கம் போனா மூக்கே மரத்துடும்.

மாஸ்க் குடுத்துட்டு சிவியாரிட்டிய 5லேர்ந்து 2 ஆக்குறது

வேலைக்கு முன்னாடி ஆபத்துக்கு ரெண்டு நம்பர் போடுவோம்: நடந்தா எவ்வளவு மோசம்ங்கிறது சிவியாரிட்டி, 5ன்னா சாவு; நடக்க எவ்வளவு வாய்ப்புங்கிறது இன்னொண்ணு. துணி மாஸ்க் இந்த கேஸைத் தடுக்காது. ப்ளோயர் (உள்ள காத்தை ஊதுற ஃபேன்) போட்டா நடக்குற வாய்ப்புதான் குறையும், நடந்தா சாவுதான், அந்த 5 அப்படியே இருக்கணும். நம்பரைத் தொடுறதுக்கு முன்னாடி, ஆளே இறங்காம லாரி வெச்சு உறிஞ்ச முடியுமான்னு கேளுங்க. செப்டிக் டேங்க்ல பாதுகாப்பு இல்லாம ஆள் இறக்குறது 2013 சட்டப்படி குற்றமும் கூட.

"இத்தன வருஷமா ஒண்ணும் ஆகல"ன்னு வாய்ப்புக்கு 1 போடுறது

போடாதீங்க.

காப்பாத்த இன்னொருத்தர் குதிக்கிறது

இதுலதான் ரெண்டாவது, மூணாவது உயிர் போகுது. ட்ரைபாட் (முக்காலி), வின்ச் (கயிறை இழுக்குற உருளை), ஹார்னஸ் (உடம்புல கட்டுற பெல்ட்) மாட்டி மேலேர்ந்தே இழுக்கணும், வெளிய நிக்கிற ஆளு எதுக்காகவும் நகரக்கூடாது.

அந்தத் தம்பிய ஹோஸ் விட்டு அளக்கச் சொன்னேன். அடியில ஆக்சிஜன் 18.6, 19.5க்கு கீழ போனாலே இறக்கக்கூடாது. பர்மிட்டை அவனே குறுக்க கோடு போட்டு அடிச்சான், லாரிக்கு போன் பண்ணோம்.