துள்ளும் கன்றும் கிருமி சுமக்கும்: வீட்டுத் தொழுவத்துக்கு ஓர் அன்றாடச் செய்முறை

சென்னையில் மாதவரம், அம்பத்தூர், பூந்தமல்லி பக்கங்களில் வீட்டுக்குப் பின்னால் ஒரு பசுவையும் கன்றையும் கட்டியிருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. புதிதாக மாடு வாங்கியவர்கள் கன்றுக்குக் கழிச்சல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கழிச்சல் இல்லை, முட்டி முட்டிப் பால் குடிக்கிறது, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்றால் கவலை விட்டது என்பார்கள். கன்றைப் பொறுத்தவரை அது சரி. வீட்டுக் குழந்தையைப் பொறுத்தவரை அது போதாது.

ஈ.கோலை ஓ157 என்ற கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் அமெரிக்காவில் சரியாக வேகாத மாட்டிறைச்சி தின்றவர்களுக்கு இரத்தக் கழிச்சல் வந்தபோது இது அடையாளம் காணப்பட்டது. இது சுரக்கும் ஷிகா நச்சு, மனிதனின் குடலிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பற்றிச் சிதைக்கிறது. மாட்டின் குடல் இரத்தக் குழாய்களில் அந்த நச்சு பற்றிக்கொள்ள இடம் இல்லை. அதனால் கன்று எந்த நோவும் இன்றிக் கிருமியைச் சாணத்தில் வெளியேற்றிக்கொண்டிருக்கும். பால்குடி மறந்த பிறகு இன்னும் அதிகமாக. மனிதனுக்கு நூறுக்கும் குறைவான கிருமிகளே போதும். மனிதனுக்குக் கழிச்சல் தரும் வேறு கிருமிகளான சால்மொனெல்லாவும் கேம்பிலோபேக்டரும்கூட நலமான கன்றுகளில் ஒளிந்திருக்கும்.

சாணத்தைப் பரிசோதித்துவிடலாமே என்று தோன்றும். 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. கன்று நோயுற்றால் அங்கே கொண்டு போங்கள். நலமான கன்றுக்குப் பரிசோதனை அவ்வளவாக உதவாது. கிருமி விட்டு விட்டு வெளியேறுவதால், இன்று இல்லை என்று வரும் முடிவு நாளைக்கு உத்தரவாதம் ஆகாது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஆன்டிபயாடிக் கொடுப்பது அதைவிட மோசம். மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான் வளர்க்கும். எல்லாக் கன்றும் சுமக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

படி 1: தொழுவத்துக்கென்று தனிப் பொருள்கள். செருப்பு, வாளி, துடைப்பம், பழைய சட்டை. செருப்பு தொழுவத்து வாசலைத் தாண்டக் கூடாது. மற்றவற்றில் கொஞ்சம் தளர்ந்தாலும் இதில் தளராதீர்கள்.

படி 2: கறவை. சாணம் அள்ளுவதற்கு முன்பே கறந்துவிடுங்கள். பால் சுரக்கக் கன்றை ஊட்டவிடுவது நம் வழக்கம். பலர் மடியை முதலில் கழுவிவிட்டு, பிறகு கன்றை அவிழ்க்கிறார்கள். கன்றின் வாய் தரையையும் தன் உடம்பையும் நக்கிய வாய். ஊட்டவிட்டுக் கன்றைப் பிரித்த பிறகு காம்புகளைக் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைத்து, அப்புறம் கறக்க வேண்டும். முதல் சில பீச்சுகளைத் தனிக் கிண்ணத்தில் விட்டுக் கொட்டிவிடுங்கள். கறந்த பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். ‘கறந்த சூடு போதும்’ என்பது வெறும் பேச்சு. அந்தச் சூட்டில் கிருமி சுகமாக வளரும்.

படி 3: சாணம். முதலில் காய்ந்தபடியே வழித்து அள்ளுங்கள், பிறகு தண்ணீர், கடைசியில் பிளீச்சிங் பவுடர். சாணத்தின் மேலேயே பவுடரைத் தூவினால் அதன் வீரியம் சாணத்திலேயே தீர்ந்துவிடும். பச்சைச் சாணத்தைக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள். இந்தக் கிருமி அதில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நன்றாக மக்கிய பிறகு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் தொழுவத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். சம்ப் மூடி தாழ்வாக இருந்தால் உயர்த்திக் கட்டுங்கள்.

படி 4: கை. சோப்பு, ஓடும் தண்ணீர், 20 விநாடி, நக இடுக்கு உட்பட. அழுக்கு ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சாணமே கிருமிநாசினி என்று சொல்லும் பெரியவரோடு வாதிடாதீர்கள். சோப்பை எடுத்துக் கொடுங்கள், போதும். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை கன்றை எட்ட நின்று பார்க்கட்டும். விரலைச் சப்பக் கொடுத்துப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம்.

படி 5: புதுக் கன்றின் பங்கு. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். சால்மொனெல்லா போல் கன்றையே வீழ்த்தும் கிருமிகளுக்கு எதிராக அதற்குக் கிடைக்கும் முதல் காப்பு இதுதான். அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எப்போது மருத்துவமனை? வீட்டில் யாருக்காவது கழிச்சலில் இரத்தம் கண்டாலே போய்விடுங்கள். அதோடு சிறுநீர் குறைந்து முகம் வெளுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள், சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். வீட்டில் கன்று இருப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்துக் கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக்கோ, கழிச்சலை நிறுத்தும் மாத்திரையோ வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த நோயில் அவை நிலைமையை மோசமாக்கக்கூடும்.

மாடு வளர்க்காதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுக்குமாடிக் கிருகப்பிரவேசத்துக்குப் பசுவும் கன்றும் வாடகைக்கு வருகின்றன. கூடத்தில் சாணம் விழுந்தால் எல்லோரும் மகிழ்கிறார்கள், மகிழட்டும். தவழும் குழந்தையைத் தரையில் விடுவதற்கு முன் சாணத்தை அள்ளி, சோப்புத் தண்ணீரால் கழுவி, பிறகு பிளீச்சிங் தண்ணீரால் துடையுங்கள். கன்றின் கயிற்றைப் பிடித்தவர் கையைக் கழுவிவிட்டுப் பால் காய்ச்சும் அடுப்புப் பக்கம் வரட்டும்.