பரிகார வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பாடசாலைகளில் பரிகாரக் கற்பித்தலுக்கு, அதாவது பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகப் படிப்பிப்பதற்கு, புதிதாகப் பொறுப்பேற்கிற பலர் முதல் கிழமையிலேயே ஒரு தவறைச் செய்துவிடுகிறார்கள். பிள்ளை தரம் 4 என்றால் தரம் 4 புத்தகத்தை எடுத்து, வகுப்பில் நடந்த அதே பாடத்தைக் கொஞ்சம் மெதுவாகவும் கொஞ்சம் சத்தமாகவும் திரும்பப் படிப்பிக்கிறார்கள். பிள்ளை தடக்கி நிற்கிற இடம் தரம் 1இலோ 2இலோ இருக்கும். அந்த இடம் எது என்று தெரியும்வரை பாடம் தொடங்காமல் இருப்பதே நல்லது.

வாசிப்பையே எடுங்கள். ‘இவனுக்கு வாசிக்கத் தெரியாது’ என்று வகுப்பு ரீச்சர் சொன்னால் அதை அப்படியே கொப்பியில் எழுதிவைக்காதீர்கள். எதை வாசிக்க வராது? க, ப, ம எல்லாம் ஒழுங்காகச் சொல்லுகிற பிள்ளை கெ, கே வந்ததும் நின்றுவிடும். கொம்பு கண்ணுக்கு முதலில் படுகிறது, அதன் ஓசையோ மெய்க்குப் பிறகுதான் வருகிறது. கொ, கோ என்றால் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. உகர வரிசை இன்னும் சிக்கல்: கு, சு, து மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன, ஒன்றைப் பழகிவிட்டு மற்றதை ஊகிக்க முடியாது. எழுத்துகளைக் கலைத்துப்போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். ‘வாசிக்கத் தெரியாது’ என்ற பெரிய முறைப்பாடு பல பிள்ளைகளில் ஒருசில எழுத்து வரிசைகளாகச் சுருங்கிவிடும். அதற்கு மேல் என்ன செய்வதென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பாடத்தைப் பாடமாக்கி வைத்துக்கொண்டு வாசிப்பதுபோல ஒப்புவிக்கிற பிள்ளைகளும் உண்டு. படத்தைக் கையால் மறைத்து, பந்தியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள், தெரிந்துவிடும். அதற்காக ஏசக் கூடாது. அவ்வளவையும் மனதில் வைத்திருக்கிற பிள்ளைக்கு நல்ல ஞாபகசக்தி இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

கணிதத்திலும் இதே கதைதான். 52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று எழுதுகிற பிள்ளையைக் கவனமில்லாதது என்று நினைத்துவிடுகிறோம். அது மிகக் கவனமாகத்தான் செய்திருக்கிறது: 7இலிருந்து 2, 5இலிருந்து 1, எங்கும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. பிழை எனக் கோடு போட்டு இன்னும் இருபது கணக்குக் கொடுத்தால் அந்தப் பிழையான வழியைத்தான் இருபது தடவை பழகும். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்துப் பத்து ஒன்றுகள் ஆக்க விடுங்கள். கட்டை நீங்கள் அவிழ்க்காதீர்கள், பிள்ளையின் கைதான் அவிழ்க்க வேண்டும்.

அப்புறம் கண்ணும் காதும். பின் வாங்கில் இருந்து கண்ணைச் சுருக்குகிற பிள்ளையை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்த்துவிட்டு, மாதக்கணக்காகப் பரிகாரம் செய்வதில் பயன் இல்லை. பாடசாலை மருத்துவப் பரிசோதனை வழக்கமாகத் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குத்தான் நடக்கும். இடைப்பட்ட தரத்தில் சந்தேகம் வந்தால் அடுத்த பரிசோதனைவரை காத்திராமல் அதிபர் மூலம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லுங்கள். அதேபோல, எழுத்தை மாற்றி எழுதுகிற பிள்ளைக்கெல்லாம் டிஸ்லெக்சியா (வாசிப்பு, எழுத்தில் வரும் கற்றல் குறைபாடு) என்று நாங்களே பெயர் வைப்பதும் பிழை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் வைத்தியர்கள்.

வன்னியில் இன்னொரு பழக்கம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் யுத்தத்தைக் காரணம் சொல்வது. இன்று ஆரம்பப் பிரிவில் இருக்கிற எந்தப் பிள்ளையும் யுத்தம் முடிந்த 2009 மே மாதத்துக்கு முன் பிறந்ததல்ல. ஆனால் அவர்களின் தாய் தகப்பனில் எத்தனையோ பேர் இடம்பெயர்ந்து, மரத்துக்குக் கீழும் பிறகு செட்டிகுளம் முகாம்களிலும் படித்தவர்கள், அல்லது படிப்பை அங்கேயே விட்டவர்கள். ‘வீட்டில சொல்லிக் குடுங்கோ’ என்று கொப்பியில் குறிப்பு எழுதி அனுப்புவது அந்தத் தாய்க்குத் தரும் உதவியல்ல, அவமானம். அம்மம்மாவோடு இருக்கிற பிள்ளை என்றால் இன்னும் கஷ்டம். வீட்டுவேலையை வேறொருவர் உதவியின்றிப் பிள்ளை தானே செய்து முடிக்கக்கூடிய அளவில் கொடுங்கள். பெற்றோரை அழைத்தால் முதலில் பிள்ளையிடம் முன்னேறிய ஒன்றைக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

வாசலில் நின்று ‘மெல்லக் கற்கிற ஆக்கள் வாங்கோ’ என்று கூப்பிடவே கூடாது. பெயரைச் சொல்லுங்கள், போதும். விளையாட்டுப் பாடத்திலும் சித்திரப் பாடத்திலும் பிள்ளையை இழுத்தெடுக்காதீர்கள். தமிழிலும் கணிதத்திலும் நாள் முழுக்கத் தோற்கிற பிள்ளை வெல்லுகிற இடம் சிலவேளை அது ஒன்றுதான்.

கடைசியாக, பரிகார ஆசிரியரைக் கையில் வேலையில்லாதவர் என்று நினைத்து, தூரத்திலிருந்து வருகிற ஆசிரியர் வராத நாளெல்லாம் அவரின் வகுப்பைப் பார்க்க றிலீவுக்கு அனுப்புவது. தரம் 5 புலமைப்பரிசில் நெருங்கினால் இது இன்னும் கூடும். ஒவ்வொரு நாளும் வாதாட வேண்டாம். தவணைத் தொடக்கத்திலேயே அதிபருடன் இருந்து, உங்கள் பிள்ளைகளின் நேரத்தைப் பாடசாலை நேரசூசியில் எழுத்தில் போடச் செய்யுங்கள். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்ற உங்கள் கொப்பியையும் அப்போது கொண்டுபோங்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்கிற அதிபருக்கு அந்த நேரத்தைத் தொடுவது சங்கடமாக இருக்கும்.