போர்ச் செய்திக்கும் ஒரு பேரேடு

காரைக்குடி டீக்கடை பெஞ்சில் கிடக்கும் மூன்று நாளிதழிலும் ஒரே போர்ச் செய்தி என்றால், மூன்று சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். செய்தியின் தலைமாட்டில் ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, ஏபி, பிடிஐ என்று ஏதாவது ஒரு செய்தி ஏஜென்சியின் பெயர் இருக்கும். மூன்றிலும் ஒரே ஏஜென்சிதான் என்றால் வரவு ஒன்றுதான்.

ஒரு நோட்டில் பேரேடு மாதிரி கோடு போட்டு, இடப்பக்கம் ‘சொன்னவர்’, வலப்பக்கம் ‘கண்டவர்’ என்று எழுதுங்கள். ராணுவப் பேச்சாளர், அமைச்சர், பெயர் சொல்லாத அதிகாரி எல்லாம் இடப்பக்கம். அங்கே போன நிருபர், மருத்துவர், செயற்கைக்கோள் படம் வலப்பக்கம். வலப்பக்கம் காலியா? வாசலை அடைத்தது யார் என்று அங்கேயே குறியுங்கள். 2009-ல் இலங்கையின் வன்னிப் போர்க்களத்துக்குள் நிருபர்களைச் சுதந்திரமாக விடவில்லை. பொதுமக்கள் சாவே இல்லை என்று அரசு சாதித்தது. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. அதனால் பக்கத்தைச் சீக்கிரம் மூடாதீர்கள்.

கண்டவரையும் விசாரிக்க வேண்டும். 1990 அக்டோபரில் 15 வயதுப் பெண் ஒருத்தி, குவைத் மருத்துவமனையில் இராக் சிப்பாய்கள் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துச் சாகவிட்டதாக வாஷிங்டனில் அழுதபடி சொன்னாள். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது 1992-ல்தான் வெளிவந்தது. இராக்மீது அமெரிக்கா தொடுத்த போர் அதற்குள் முடிந்தே போயிருந்தது. மூன்றாவது கோடு போட்டு ‘யாருக்கு வேண்டியவர்’ என்று எழுதுங்கள்.

அடுத்தது வினைச்சொல். ‘குண்டு வீசிப் பத்துப் பேரைக் கொன்றது’, ‘பத்துப் பேர் கொல்லப்பட்டனர்’, ‘பத்துப் பேர் உயிரிழந்தனர்’. இரண்டாவதில் கொன்றவர் மறைகிறார், மூன்றாவதில் கொலையே மறைகிறது. ஒரே நாளிதழை ஒரு வாரம் எடுத்து, எந்தத் தரப்புச் சாவுக்கு எந்த வினை என்று எண்ணுங்கள். தலைப்பை விட்டுவிடுங்கள், இடம் போதாமல் எல்லாருக்கும் ‘பலி’ என்றே போடுவார்கள். முதல் நாள் செய்தியையும் சேர்க்க வேண்டாம், வீசியது யார் என்று அன்றைக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம்.

வாட்ஸ்அப் வீடியோவை, துபாய்த் தம்பியே அனுப்பியிருந்தாலும், கடைப்பலகை, வண்டி நம்பர், கோபுரம் தெரியும் இடங்களில் நிறுத்தி நாலைந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். சம்பவத்துக்கு முந்தைய தேதியில் அதே காட்சி கிடைத்தால் பழைய சரக்கு. எதுவும் கிடைக்காததால் மட்டும் புதியது ஆகிவிடாது. இடவலம் திருப்பிப் போட்டிருந்தால் லென்ஸ் தவறவிடும், படத்தைத் திருப்பி இன்னொரு முறை தேடுங்கள். இருட்டு, மங்கல், ஆளே இல்லாத வானத்தில் ஏவுகணை என்றால் ‘ஆர்மா 3’ வீடியோ கேமாக இருக்குமோ என்றும் பாருங்கள். உக்ரைன் போர்க் காட்சி என்று அது பலமுறை சுற்றியிருக்கிறது.