பறக்கும்போது பிழை நேர்ந்தால் விமானி செய்ய வேண்டியது

விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்தும் கன்ட்ரோல் கொடுத்த உயரத்தைத் தாண்டி 300 அடி ஏறிவிட்டீர்களா? முதலில் விமானத்தைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் கன்ட்ரோலுக்குச் சொல்லுங்கள். யார் தவறு என்ற பேச்சு தரையிறங்கிய பிறகு போதும். நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்த பிழை காத்திருக்கும்.

இறங்கியதும் விமானிகள் இருவரும் பேசிவிட்டு, நினைவு மங்குமுன் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் இதற்கென்றே நாசா 1976 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. தெரியாமல் நேர்ந்த விதிமீறலை 10 நாளுக்குள் எழுதி அனுப்பினால், அது விபத்தோ குற்றமோ இல்லாதவரை, பொதுவாக அபராதமோ லைசென்ஸ் முடக்கமோ வராது. அறிக்கையிலிருந்து பெயரையும் நீக்கிவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான்!

'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் முடித்தால் யாருக்கும் பயனில்லை. ஆட்டோபைலட்டில் எந்த உயரம் வைத்திருந்தீர்கள், அப்போது ரேடியோவில் பேசியது யார், முந்தைய இரவு எவ்வளவு தூங்கினீர்கள் என்பதுவரை எழுதுங்கள்.