பேஸ்பால் கார்டு பெட்டி: காசு கொடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட, சேகரிப்பதற்கான கார்டுகள் அடங்கிய, பிரிக்காத பெட்டி ஒன்று கண்ணில் படுகிறது. விலை 100 டாலர். வாங்கலாமா? அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்ட நட்சத்திர வீரரின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அந்த முகத்தை விட்டுவிட்டு, அதே பெட்டியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கணக்கு அங்கேதான் இருக்கிறது.

படி 1: ஆண்டு

1980களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் முற்பகுதி வரை வந்த பெட்டி என்றால் முதலீடு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். கார்டு விலை ஏறும் என்று அன்றைக்கு ஊரே நம்பியது. நிறுவனங்கள் அச்சடித்துக் குவித்தன, வாங்கியவர்கள் பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள். எல்லோரும் பூட்டி வைத்த பொருளுக்குத் தட்டுப்பாடு எப்படி வரும்? டாப்ஸ் என்ற கார்டு நிறுவனம் 1987இல் வெளியிட்ட, மரச்சட்டம் போன்ற ஓரம் கொண்ட கார்டுகளின் பெட்டி நல்ல எடுத்துக்காட்டு. 36 பாக்கெட், பாக்கெட்டுக்கு 17 கார்டு, மொத்தம் 612. முழுத் தொகுப்போ 792 கார்டுகள். ஒரு பெட்டியை முழுவதும் பிரித்தாலும் தொகுப்பு நிறையாது. உள்ளே இருக்கும் பபிள்கம் ஒட்டிய கார்டில் கறையும் படிந்திருக்கும். அந்தக் கம்மை மென்று பார்க்கும் ஆசை வேண்டாம்.

விதிவிலக்கு உண்டு. அப்பர் டெக் நிறுவனத்தின் 1989 தொகுப்பில் முதல் எண்ணாக வந்த கென் கிரிஃபி ஜூனியரின் ரூக்கி கார்டுக்கு (புதுமுக வீரராக வரும் கார்டு) இன்றும் மதிப்பு இருக்கிறது. ஆனால் நல்ல விலை போவது, பி.எஸ்.ஏ. போன்ற தர நிர்ணய நிறுவனம் உச்ச மதிப்பெண்ணான 10 கொடுத்த பிரதிக்குத்தான். பழைய நினைவுக்காக வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். அதற்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை.

படி 2: யாருடைய தயாரிப்பு

அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கின் அணிச் சின்னங்களை அச்சிடும் உரிமை 2010 முதல் டாப்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. 2022இல் ஃபனாட்டிக்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. மற்றொரு நிறுவனமான பனினி வெளியிட்ட பேஸ்பால் கார்டுகளில் வீரர் இருப்பார், தொப்பியில் அணிச் சின்னம் இருக்காது. மறுவிற்பனையில் இந்த வேறுபாடு பொதுவாக விலையைக் குறைக்கிறது.

படி 3: ஹாபி பெட்டியா, ரீடெய்ல் பெட்டியா

ஒரே தயாரிப்பு இரண்டு வகைப் பெட்டிகளில் வரும். கார்டு கடைகளுக்குப் போவது ஹாபி. வால்மார்ட், டார்கெட் அலமாரியில் இருக்கும் சிறிய ‘பிளாஸ்டர்’ ரீடெய்ல். ஹாபி பெட்டியின் மேல் ‘ஒரு கையெழுத்துக் கார்டு உறுதி’ என்பது போன்ற வாசகம் பெரும்பாலும் இருக்கும். பிளாஸ்டரில் அது அரிது. உறுதி என்றதும் மயங்க வேண்டாம். யாருடைய கையெழுத்து என்று அந்த வாசகம் சொல்வதில்லை. பெரும்பாலும் பெயர் தெரியாத இளம் வீரருடையதாக இருக்கும், சில டாலருக்கு மேல் போகாது.

படி 4: வாய்ப்பு விகிதம்

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். பாக்கெட்டின் பின்புறத்திலோ நிறுவனத்தின் தளத்திலோ ‘1:1,440’ போன்ற எண்கள் இருக்கும். குறிப்பிட்ட ஒரு வகை அரிய கார்டு சராசரியாக 1,440 பாக்கெட்டுக்கு ஒன்று என்று பொருள். பெட்டியில் 20 பாக்கெட் இருந்தால் 72 பெட்டிக்கு ஒன்று. நம் 100 டாலர் விலையில் அது 7,200 டாலர். அத்தனையும் பிரித்தாலும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே இருக்கிறது.

இன்னும் முடியவில்லை. அந்த எண் அந்த வகைக் கார்டு முழுவதற்கும் சேர்த்துச் சொல்வது. அந்த வகையில் 30 வீரர்கள் சம அளவில் இருந்தால், நீங்கள் விரும்பும் ஒருவர் வர சராசரியாக 2,160 பெட்டி ஆகும். ஹாபிக்கும் ரீடெய்லுக்கும் விகிதம் வேறுபடும் என்பதால் உங்கள் பெட்டிக்குரிய எண்ணையே பாருங்கள்.

2024 டாப்ஸ் குரோம் அப்டேட் தொகுப்பில் பேஸ்பால் வீரர் பால் ஸ்கீன்ஸின் ஒரே ஒரு பிரதி கொண்ட கார்டு 11 வயதுச் சிறுவனுக்குக் கிடைத்தது. 2025 மார்ச்சில் அது 11 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. செய்தி உண்மை. அந்தக் கார்டு வந்துவிட்டதால் அதே தயாரிப்பின் மற்ற எந்தப் பெட்டியிலும் அது இனி இல்லை என்பதும் உண்மை. பழைய பெட்டி வாங்கும்போது பெரிய கார்டுகள் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டனவா என்று தேடிப் பாருங்கள்.

படி 5: விற்ற விலை

ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். யாரும் எதையும் கேட்கலாம். ‘விற்றவை’ என்ற வடிகட்டியைப் போட்டு, அந்தத் தொகுப்பின் சாதாரண ரூக்கி கார்டு, சாதாரண கையெழுத்து, சாதாரண ரிஃபிராக்டர் (வானவில்போல் மின்னும் கார்டு) ஆகியவை என்ன விலைக்குப் போயின என்று குறியுங்கள். ஒரு பெட்டியில் வழக்கமாக வரும் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். தளத்தின் கட்டணம் சுமார் 13 சதவீதம், பிறகு தபால் செலவு. கழித்த பின் பெரும்பாலான பெட்டிகளில் பாதி விலைகூடத் தேறாது என்பது என் கணிப்பு. தேறாமல் போகும் அந்தத் தொகையைப் பெட்டி பிரிக்கும் சுகத்துக்குக் கொடுப்பதாக எண்ணி மனம் ஒப்பினால் வாங்கலாம்.

படி 6: உறை

புதிய பெட்டி என்றால் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் உறை இறுக்கமாக, சுருக்கமின்றி இருக்க வேண்டும். 1980களின் மெழுகுத்தாள் பாக்கெட்டுகளை இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் மீண்டும் ஒட்டிவிடலாம், ஆகவே அங்கே உறையை மட்டும் நம்ப முடியாது. வல்லுநர் சான்றிதழும் முழுக் காப்பு அல்ல. யூடியூபர் லோகன் பால் 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய, சரிபார்க்கப்பட்ட போகிமான் கார்டு பெட்டிகளை 2022 தொடக்கத்தில் பிரித்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ என்ற வேறு தொடரின் கார்டுகள். திறந்த பெட்டியிலிருந்து உதிரியாக விற்கும் பாக்கெட்டுகளும் வேண்டாம். வீரரின் சட்டைத் துணித் துண்டு பதித்த தடித்த கார்டு எதில் இருக்கிறது என்று யாராவது முன்பே தடவிப் பார்த்திருப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்குத் தேவை ஒரே ஒரு வீரர்தான் என்றால், உதாரணமாக 2011 டாப்ஸ் அப்டேட்டின் மைக் டிரவுட் ரூக்கி, பெட்டியை அலமாரியிலேயே விட்டுவிட்டு அந்தக் கார்டைத் தனியாக வாங்குங்கள்.