கத்காவில் முதலில் காலைப் பாருங்கள், குச்சி அப்புறம்

கத்கா, வாளும் குச்சியும் கொண்டு பழகும் சீக்கியர்களின் போர்க்கலை. அதைப் பழக வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது, வாள் எப்போது தருவீர்கள் என்றுதான். நானும் கேட்டேன். லூதியானாவில் வேலை பார்த்த நாட்களில், வீட்டுக்குப் பக்கத்துக் குருத்வாரா முற்றத்தில் சாயங்காலம் பிள்ளைகள் பழகுவதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவன் நான். உஸ்தாத், அதாவது ஆசான், சிரித்தார், அவ்வளவுதான். அப்புறம் மூன்று வாரம் வெறுங்கையோடு பைந்த்ரா.

பைந்த்ரா என்றால் கால்வைப்பு. எடை ஒரே காலில் தங்கிவிடாமல் முன்னும் பின்னும் அடி மாற்றி, தாளத்தோடு நகர்ந்துகொண்டே இருப்பது. சலிப்பாகத்தான் இருக்கும், அதனால்தான் பலரும் இதைத் தாண்டிக் குதித்து நேராகக் குச்சி சுழற்றப் போகிறார்கள். கண்ணாடி முன்னால் சுழற்றும்போது பிரமாதமாகத் தெரியும். எதிரே ஆள் நின்றால்தான் குட்டு வெளிப்படும். என்னைப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் முழங்கால் பக்கம் லேசாகத் தட்டினான், என் இரண்டு காலும் பின்னிக்கொள்ள அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

அடுத்தது பிடி. குச்சி சுமார் ஒரு மீட்டர்தான், அதைக் கோடாரி போல இறுக்கிப் பிடித்தால் ஒரே வாரத்தில் மணிக்கட்டும் முழங்கையும் வலிக்கும். தளர்வாகப் பிடித்து, அடி விழும் நேரத்தில் மட்டும் இறுக்குங்கள். இடது கையில் ஃபரி என்ற சின்னக் கேடயம் இருக்கும், புதியவர்கள் அதை மறந்து கையைத் தொங்கவிட்டுவிடுவார்கள். சிலம்பம் பழகிவிட்டு வருகிறவர்களுக்கு இது இன்னும் கஷ்டம், இரண்டு கையும் தானாகக் கம்பைத் தேடும்.

பஞ்சாபின் ஆனந்தபூர் சாகிப்பில் ஹோலா மொஹல்லா திருவிழாவைப் பார்த்துவிட்டு வந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு வாள் வீசப் பார்ப்பது வேறு ரகம். 1701ல் பத்தாவது சீக்கிய குரு கோவிந்த் சிங் தொடங்கியது அது, போர்ப் பயிற்சிக்காகவே. அங்கே நீங்கள் பார்க்கும் நிஹாங்குகள், அதாவது சீக்கியப் போர்வீரர் மரபினர், பலர் சிறு வயதிலிருந்தே ஆயுதத்தோடு வளர்ந்தவர்கள். வீடியோ பார்த்து மொட்டைமாடியில் அதைச் செய்யாதீர்கள், தயவுசெய்து.

என் கணக்கில் பெரிய தவறு, இதை வெறும் உடற்பயிற்சியாக நினைப்பதுதான். ஆறாவது குரு ஹர்கோவிந்த் 1606ல் இரண்டு வாள் தரித்தார்: ஒன்று மீரி, உலக அதிகாரம், மற்றது பீரி, ஆன்மிகம். இரண்டும் ஒரே ஆள் இடுப்பில். அதனால்தான் பழகும் முன் ஆயுதங்களை வணங்குகிறார்கள், வெற்றி என்று பொருள்படும் ஃபதே வாழ்த்தைச் சொல்கிறார்கள். கிடக்கும் குச்சியைத் தாண்டி நடக்காதீர்கள், காலால் நகர்த்தாதீர்கள். ஆபீஸ் கோபத்தை எதிராளி மேல் இறக்காதீர்கள். கோபத்தில் வீசும் அடி தூரத்திலேயே தெரிந்துவிடும், என் உஸ்தாத் அதற்காகவே ஆளை உட்கார வைத்துவிடுவார்.

சீக்கியராக இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். நான் போன இடத்தில் யாரும் கேட்கவில்லை. ஆனால் குருத்வாரா வளாகம் என்றால் தலையை மூடுங்கள், செருப்பை வெளியே விடுங்கள், புகையிலை உள்ளே வரவே கூடாது. என்னோடு சேர்ந்த ஒருவர் நமஸ்காரத்துக்குக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட் நேராக வாள்கள் மேலேயே விழுந்தது. யாரும் திட்டவில்லை. உஸ்தாத் வாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார், அவர் முடிக்கும்வரை எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.