பம்புக்கு ஆறுதலாக, கப்சியூலுக்கு வேகமாக

தொய்வுக்கு (ஆஸ்துமா) பம்ப், அதாவது மருந்தை வாய்க்குள் புகையாக அடிக்கும் இன்ஹேலர், பாவித்துக் கிளினிக்குக்கு வருகிறவரிடம் "ஐயா, பம்ப் அடிக்கத் தெரியுமோ?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் மறுமொழி வரும். அதனால் அப்படிக் கேட்கவேண்டாம். "வீட்டில எப்பிடி இழுக்கிறனீங்களோ, அப்பிடியே ஒருக்கால் செய்து காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். இடையில் திருத்தினால் அதற்குப் பிறகு வரும் பிழைகள் தெரியாமலே போய்விடும். அவர் முழுவதும் செய்து முடிக்கட்டும்.

முதலில் வாயைப் பாருங்கள். வெற்றிலை இருந்தால் துப்பி, கொப்பளித்துவிட்டு வரவேண்டும். கட்டுப்பல் ஆடினால் அதையும் கவனியுங்கள். உதடு இறுக மூடாது.

பம்புக்கு: மூடியைக் கழற்றி, வாய்ப்பக்கத்துக்குள் தூசியோ பூச்சியோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நன்றாகக் குலுக்கவேண்டும். புதிய பம்ப் என்றாலோ, ஒரு கிழமையாகப் பாவிக்கவில்லை என்றாலோ, முதல் இரண்டு அடியை வெளியே அடித்துவிடுங்கள். நிமிர்ந்து இருந்து, மூச்சை ஆறுதலாக வெளியே விட்டு முடித்து, பம்பைப் பல்லுக்கு நடுவே வைத்து உதட்டை மூடவேண்டும். மூச்சை உள்ளே எடுக்கத் தொடங்குகிற அந்தக் கணத்திலேயே ஒரு அடி. பிறகும் 4, 5 செக்கன் ஆறுதலாக இழுத்துக்கொண்டே போய், 10 செக்கன் அடக்கவேண்டும். அவ்வளவு முடியாதவர் முடிந்தமட்டும் அடக்கட்டும். இரண்டாவது அடிக்கு அரை நிமிடமாவது பொறுத்து, திரும்பவும் குலுக்கவேண்டும்.

அடித்த உடனே வாயோரத்தாலோ மூக்காலோ வெள்ளைப் புகை வந்தால் மருந்து வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அடித்தபிறகு இழுத்திருக்கிறார், அல்லது உதடு மூடவில்லை. வேகமாக இழுத்தால் புகை தெரியாது; ஆனால் மருந்து தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே ஒட்டிவிடும். நுரையீரலுக்குப் போவது கொஞ்சம்தான்.

கப்சியூல் போட்டு இழுக்கும் கருவி இதற்கு நேர் எதிர். அதில் தூளைத் தள்ளிவிட வாயு இல்லை, இழுப்பவரின் மூச்சுத்தான் தூளைக் கிளப்பவேண்டும். ஆகவே வேகமாக, ஆழமாக, தொடக்கத்திலிருந்தே பலமாக. இரண்டையும் பாவிக்கிறவர்கள் மாற்றிச் செய்வது இங்கேதான். சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இந்த வித்தியாசத்துக்கே செலவழியுங்கள். "பம்புக்குச் சூடான தேத்தண்ணி உறிஞ்சிற மாதிரி, கப்சியூலுக்கு ஒரே மூச்சில இளநீரை உறிஞ்சி எடுக்கிற மாதிரி" என்றால் ஆச்சிமாருக்கும் பிடிபடும்.

முறுக்கித் திறக்கும் கருவியில் கப்சியூலின் தெளிந்த பக்கத்தைக் கீழாக்கிச் சதுரத் துளைக்குள் செருகி, அடிப்பாகத்தை ஒரு பக்கமாக முடியும்வரை திருப்பினால் கப்சியூல் இரண்டாகப் பிரியும். மூச்சை வெளியே விடும்போது முகத்தைக் கருவியிலிருந்து திருப்பவேண்டும். உள்ளே ஊதினால் ஈரம் பட்டுத் தூள் கட்டியாகிவிடும். இழுத்த பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். தூள் மிச்சமிருந்தால் இன்னொருமுறை இழுக்கவேண்டும். கப்சியூலைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்களும் உண்டு. இது விழுங்கும் மருந்து அல்ல என்பதை வீட்டிலுள்ள ஒருவருக்கும் சொல்லிவிடுங்கள்.

கை நடுங்குகிறவர், கையோ விரலோ இழந்தவர், அடியையும் மூச்சையும் சேர்க்க முடியாதவர் எல்லாருக்கும் ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் வெற்றுக் குழாய்) தேவை. பம்பை வீட்டுக்காரர் ஒருவர் அடிக்கலாம். ஒரு அடி, உடனே நாலைந்து ஆறுதலான மூச்சு, பிறகுதான் அடுத்த அடி. இரண்டு அடியை ஒன்றாக உள்ளே அடித்தால் துளிகள் சேர்ந்து சுவரில் படிந்து வீணாகும். மாதம் ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, உள்ளே துணியால் துடைக்காமல் நிழலில் காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்ரிக்கில் மின்னேற்றம் வந்து மருந்தை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும்.

ஸ்பேசர் கிடைக்காவிட்டால் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் கைகொடுக்கும். தொய்வு கூடிய பிள்ளைகளுக்கு அது கடைச் ஸ்பேசருக்கு ஈடாக வேலைசெய்ததைத் தென்னாபிரிக்காவில் செய்யப்பட்டு 1999 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. கம்பியைப் பம்பின் வாயளவுக்கு வளைத்து, நெருப்பில் காய்ச்சி, போத்தலின் அடியில் துளைபோடுங்கள். பம்ப் இறுக்கமாகச் செருகவேண்டும். இடைவெளி இருந்தால் சுற்றிவர ரேப் ஒட்டுங்கள். கழுவிக் காயவைத்து, முதலில் மின்னேற்றம் குறையச் சில அடி வெறுமனே உள்ளே அடித்துவிட்டு, பிறகு போத்தலின் வாயால் மூச்செடுக்கவேண்டும்.

எது களைக்கும்போது (மூச்சு முட்டும்போது) அடிப்பது, எது ஒவ்வொரு நாளும் இழுப்பது என்பதை நிறத்தை வைத்துச் சொல்லாதீர்கள். அடுத்த மாதம் வேறு கொம்பனியின் மருந்து வரலாம், நிறமும் மாறலாம். பிளாஸ்ரரில் "காலை, இரவு" என்று எழுதி ஒட்டுங்கள். எழுத்து வாசிக்காதவருக்குச் சூரியனும் நிலவும் கீறுங்கள். ஸ்ரீரொயிட் மருந்துக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும், குரல் கம்மும்.

தகரக் கொட்டிலில் கூரையோடு செருகிவைத்த பம்ப் பங்குனி, சித்திரை வெயிலில் 30 பாகையை எளிதாகத் தாண்டும். அடுப்படியும் வேண்டாம். கப்சியூலைக் காய்ந்த கையால், பாவிக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். மார்கழி ஈரத்தில் அது இளகிவிடும்.

200 அடி உள்ள பம்பை நாளுக்கு 8 அடி பாவித்தால் 25 நாளில் முடியும். அதன் பிறகும் குலுக்கினால் சத்தம் கேட்கும், அடித்தால் புகையும் வரும். மருந்து சரியான அளவில் இராது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் சரியான கணக்கு அல்ல. தொடங்கிய திகதியைப் பம்பிலேயே எழுதுங்கள்.

பம்ப் அடித்தும் களைப்பு ஆறவில்லை, ஒரு வசனம் முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கவேண்டும்.

கடைசியாக, எந்த இடத்தில் பிழைத்தது என்று கிளினிக் கொப்பியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்தமுறை வேறு மிஸி (தாதி) இருந்தாலும் அதிலிருந்தே தொடங்கலாம்.